ரப்பரை மாத்தச் சொன்னா ஷாக்கை மாத்துறாங்க

காரின் முன் சக்கரத்துப் பக்கமிருந்து கடக் கடக் என்று சத்தம் வருகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் சர்வீஸ் சென்டர் அட்வைசரிடமிருந்து பதில் வந்துவிடும். "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு சார். ரெண்டு பக்கமும் மாத்திடலாம்." வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்களா? இல்லை. போனட் ஓரத்தில் கை வைத்து ஒரு அமுக்கு. பரிசோதனை முடிந்தது.

அமுக்கி விட்டதும் வண்டி ஒரு தரம் எழும்பி நின்றுவிட்டதே ஐயா! ஆட்டத்தை அடக்குகிற ஷாக் செத்திருந்தால் ஆடிக்கொண்டல்லவா இருக்கும்? ஆயில் கசிவும் இல்லை. அடியில் கையை விட்டு, வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இணைக்கிற கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அதே கடக் சத்தம் கைக்கே தெரிகிறது. கம்பியைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ரப்பர் வளையமான புஷ் வெடித்து, நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. ரப்பர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் கம்பி தேய்ந்து பளபளக்கிறது, சுற்றிலும் செம்மண்ணும் துருத்தூளும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அந்த புஷ் ஜோடியே சில நூறு ரூபாய்தான். ஷாக் ஜோடி, மவுன்ட், லேபர் எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம். எதைப் போனதாகச் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

மாருதி 800 காலத்து மெக்கானிக்குகள் இப்படி இல்லை. அந்த வண்டியில் இந்தக் கம்பிதான் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மை முன்னே பின்னே நகராமல் பிடித்துக்கொள்ளும். புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதனால் முதலில் அடியில் படுத்து இந்த ரப்பரைத்தான் பார்ப்பார்கள். இப்போது கையில் டேப்லெட், நெஞ்சில் பேட்ஜ், சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது.

இந்த ரப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? அதற்கும் நம் தெருக்கள்தான் காரணம். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் இந்தக் கம்பிக்குப் பெரிய வேலை இல்லை, புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் விழும்போதுதான் கம்பி முறுக்கிக்கொள்கிறது, அந்த விசை நேராகப் புஷ்ஷில் இறங்குகிறது. நம் ஊர் மேன்ஹோல் மூடியைப் பாருங்கள். ரோட்டைவிட ஒரு ஜாண் பள்ளத்தில், சரியாக இடது சக்கரம் போகிற தடத்தில். அதைத் தாண்டினால் ஸ்பீடு பிரேக்கர். இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலின் 1988 பதிப்பு, அது 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும் என்றது. எங்கள் தெருவில் யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். டூவீலர்காரர்கள் ஒதுங்கிப் போக ஓரத்தில் உடைத்த சந்து வேறு. அந்தச் சந்தில் ஒரு சக்கரம், மேட்டில் ஒரு சக்கரம்!

சரி, ஷாக் வேண்டாம், புஷ் மட்டும் மாற்றுங்கள் என்று அடம்பிடித்தேன். அடுத்த கூத்து ஸ்பேர்ஸ் கடையில். ஒரே மாடல் வண்டியிலேயே பெட்ரோலுக்கு ஒரு தடிமன், டீசலுக்கு ஒரு தடிமன் கம்பி வருவது உண்டு. கவுன்ட்டரில் இருப்பவரிடம் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான் சார், உட்கார்ந்துடும்." எப்படி உட்காரும்? முறுக்குக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மில்லிமீட்டரை 24 ஆக்கினாலே கம்பி 40 சதவீதத்துக்கு மேல் விறைப்பாகிவிடும். வண்டியை வடிவமைத்தவர்கள் மில்லி மில்லியாகக் கணக்குப் போட்டதை இவர் "உட்கார்ந்துடும்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். 24 மில்லி புஷ்ஷை 22 மில்லி கம்பியில் மாட்டினால் முதல் நாளே சத்தம். கையோடு தடிமன் அளக்கிற வெர்னியர் கொண்டுபோய் அளந்து காட்டினால் நம்மைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்கள். சில கார்களில் இதைவிட மோசம். புஷ்ஷைக் கம்பியோடு ஒட்டியே அனுப்புவார்கள், தனியாக விற்பதில்லை. ரப்பர் வெடித்தால் முழுக் கம்பியையும் வாங்கு.

வேலை நடந்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி. இன்னொரு சக்கரம் தரையில். அப்போது கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், கம்பி முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற லிங்க் ராடு ஓட்டைக்கு நேராக வராது. இரண்டு சக்கரமும் தொங்க வேண்டும், இல்லை இரண்டும் தரையில் நிற்க வேண்டும். இதைச் சொன்னால் "நீங்க ஆபீஸ்ல உட்காருங்க சார்." உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்றேன். ஒரு பையன் கடப்பாரையால் நெம்புகிறான், இன்னொருவன் சுத்தியலால் தட்டுகிறான். அப்புறம் காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றுகிற ஏர் கன். லிங்க் ராடு முனையில் அலன் கீ போட ஓட்டை எதற்கு இருக்கிறது? அதைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பத்தான். பிடிக்காமல் கன்னை வைத்தால் நட்டோடு சேர்ந்து பால் ஜாயின்ட்டும் சுற்றும். சுற்றியது. ஜாயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறை, அதுதான் பூட், கிழிந்தது. "லிங்க் ராடும் போயிருக்கு சார்" என்கிறார் அட்வைசர், அதே வாயால்!

புஷ்ஷை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்டோ, வண்டிக்கு அடியில் குறுக்கே போகிற சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலே, ஸ்டீயரிங் ரேக்குக்குப் பின்னால். முறைப்படி செய்தால் கிராஸ் மெம்பரைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இறக்கியதாகப் பில்லில் லேபர் போட்டிருந்தார்கள். பழைய புஷ்ஷைக் கொடுங்கள் என்றேன். ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் 20 என்று அச்சு. என் கம்பி 22. டார்ச் அடித்து அடியில் பார்த்தால் அதே வெடித்த ரப்பர் அப்படியே இருக்கிறது, மேலே கொழகொழவென்று கிரீஸ். சாதாரண ரப்பருக்குப் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, உப்பிக் கெட்டுப்போகும். ஒட்டுகிற மண்ணோ கம்பியை உப்புத்தாள் போலத் தேய்க்கும். கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். அதற்குள் நாம் பணம் கட்டிப் போயிருப்போம் என்ற கணக்கு.

பெரிய சண்டைக்குப் பிறகு லேபரைக் கழித்தார்கள். கிழித்த பூட்டுக்கு மட்டும் கடைசிவரை யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் போன். குழைவான குரலில் ஒரு பெண். "சார், சர்வீஸ் திருப்தியா இருந்துச்சா? கம்பெனியிலேர்ந்து ஒரு மெசேஜ் வரும், பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார். ஒன்பது போட்டாலும் எங்களுக்குக் கஷ்டம்."