வெறும் 2 சதவீத ஸ்பான்டெக்ஸ்

பழைய துணியைச் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் அது புதுத் துணியாகிவிடும் என்று நம்பித்தான் பலரும் போடுகிறார்கள். ஆனால் உலகில் ஆடைக்காகச் செலவாகும் இழையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மறுபடி ஆடையாகிறது. ஏன் என்பது சட்டையின் பக்கத் தையலில் உள்ள லேபிளிலேயே, எந்த இழை எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது. வாங்கும்போது அதை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பருத்தித் துணியை மறுபடி நூலாக்க, பட்டன், ஜிப், தடித்த தையல் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, துண்டு போட்டு, முள் பதித்த உருளைகளுக்குள் விட்டுப் பஞ்சாகப் பிய்ப்பார்கள். 28 மில்லிமீட்டர் போல இருந்த இழை அதில் அறுந்து குட்டையாகிவிடும். குட்டை இழையில் முறுக்கு நிற்காது. புதுப் பஞ்சு கலந்து, தடித்த நூலாகத்தான் நூற்க முடியும்.

இதில் ஸ்பான்டெக்ஸ், அதாவது ஸ்ட்ரெட்ச் துணிக்கு இழுவை தரும் செயற்கை இழை, இருந்தால் வேலை கெட்டது. அது பிய்யாமல் ரப்பர் மாதிரி இழுபடும், உருளையில் சுற்றிக்கொள்ளும், சூட்டில் இளகி ஒட்டும். ஜீன்ஸில் வெறும் 2 சதவீதம் இருந்தாலே தொல்லைதான். பருத்தியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் முறுக்கியிருந்தால் இன்னும் மோசம்; ரசாயனத்தில் ஒன்றைக் கரைத்தால்தான் மற்றது பிரியும். அதைச் செய்யும் ஆலைகள் மிகச் சில.

'மறுசுழற்சி பாலியஸ்டர்' என்ற அட்டையைப் பார்த்து மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் பழைய துணியிலிருந்து வருவதில்லை, பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம். கலப்புச் சட்டையாகிவிட்டால் அதோடு வழி அடைபடும்.

லேபிள் கிழிந்துவிட்டதா? உள்தையலின் ஓரத்தில் துணியின் நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, மென்மையான சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு. தையல் நூலை உருவிவிடாதீர்கள். சுத்தப் பருத்திச் சட்டையைக்கூட பாலியஸ்டர் நூலில்தான் தைத்திருப்பார்கள்.

நூறு சதவீதப் பருத்தி என்றாலும் பாவமில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியது பெரும்பாலும் பருத்திப் பாசனத்துக்காக ஆறுகளைத் திருப்பியதால். ஆகவே ஒரே இழையில் செய்ததைக் குறைவாக வாங்கி, நைந்துபோகும்வரை உடுத்துங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கலப்புத் துணியை இதைப் படித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டாம். பாலியஸ்டர் உதிர்க்கும் நுண்ணிழை முதல் சில துவைப்புகளில்தான் மிக அதிகம். பழைய சட்டை அதைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த நீரில், மெஷினை நிறைத்துத் துவையுங்கள். ஸ்ட்ரெட்ச் துணியை டிரையரில் மட்டும் போடாதீர்கள். சூட்டில் ஸ்பான்டெக்ஸ் தளர்ந்து, பேன்ட்டின் முட்டிப் பகுதி தொங்கிவிடும்.