2019 இன் தடை எந்த வலைக்கு?

இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுக்கு வைக்கப்படும் வலை நாடாவை அமெரிக்கா 2019 இல் தடைசெய்துவிட்டதாகவும், ஆகவே இதற்குச் சத்திரசிகிச்சையே இல்லை என்றும் மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறை எனக்கு விளங்குகிறது; ஆனால் இரண்டு வெவ்வேறு வலைகள் இங்கே ஒன்றாகிவிட்டன.

2019 ஏப்ரல் 16 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது, கீழிறங்கிய சிறுநீர்ப்பையைத் தாங்குவதற்காக யோனி வழியே பொருத்தப்படும் அகன்ற வலையையே. கசிவுக்காகச் சிறுநீர்க் குழாயின் கீழே வைக்கப்படும் ஒடுங்கிய நாடா அந்த உத்தரவில் அடங்கவில்லை. (பிரித்தானியாவில் 2018 யூலையில் நாடாவும் இடைநிறுத்தப்பட்டது உண்மை, அது வேறு முடிவு.) வலையே வேண்டாம் என்பவர்களுக்கு, வயிற்றுச் சுவரிலிருந்து எடுத்த சொந்தத் தசையுறையால் குழாயைத் தாங்குவதும், யோனிச் சுவரைத் தையலால் உயர்த்திக் கட்டுவதும் நெடுங்காலமாக உள்ளன. 655 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தசையுறை முறை கசிவைக் கூடுதலாகத் தடுத்தது. ஆனால் சிறுநீர்த் தொற்றும், சிறுநீர் கழிப்பதில் சிரமமும் அதிலேயே கூடுதலாக இருந்தன.

அந்நிர்வாகத்தின் இணையத்தளத்தில் குறித்த நாளின் அறிவித்தலைத் திறந்து, எந்த நோய்க்கான வலை என்று எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ அம்மாமார் இதை வெளியில் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். அவர்கள் பெண்நோயியல் நிபுணரிடம் போவதற்கு முன்பே வழியில்லை என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.