கம்பளிச் சட்டையும் ஜூலை வெயிலும்

ஜூலை வெயிலில் கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு, கைக்காசைப் போட்டுத் துப்பாக்கி வாங்கி, நடுவயலில் செத்தவன்போல் விழுந்து கிடக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். 1861 முதல் 1865 வரை வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துப் பார்க்கும் கூட்டத்தைச் சொல்கிறேன். வாரநாளில் பிளம்பர், கணக்கர், வாத்தியார். சனி ஞாயிறில் 1863-ம் வருஷத்துச் சிப்பாய். கிறுக்குத்தனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சண்டைக்காகத்தான் வருகிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கிலேயே சுமாரான பகுதி அதுதான். துப்பாக்கியில் குண்டு கிடையாது, வெறும் மருந்து. அத்தனை தூரம் கார் ஓட்டிவந்து முதல் சுற்றிலேயே சாக யாருக்கு மனசு வரும்? அதனால் ரொம்ப நேரம் ஒருத்தரும் விழமாட்டார்கள். அந்தப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த சண்டையில் மூன்றே நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 51,000 பேர். அதை எப்படி நடித்தாலும் பொய்யாகத்தான் தெரியும். பழைய போர்க்களங்களைப் பராமரிக்கிற அமெரிக்க அரசின் தேசியப் பூங்காத் துறை தன் நிலத்தில் போலிச் சண்டைக்கு இடம் கொடுப்பதில்லை, பக்கத்துப் பண்ணைகளில்தான் நடக்கிறது. அதுவும் சரிதான்.

ருசி எல்லாம் கூடாரப் பக்கம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை விட்டுக் கம்பியால் இடித்து, தீப்பொறி தரும் சின்னக் கேப்பு வைத்துச் சுட வேண்டும். நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட்டால் கெட்டிக்காரன். முன்பல் இல்லாதவனைப் படையில் சேர்க்க யோசித்தார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி வரும், நாமும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். பொட்டலத்தைக் கடித்து, கரிமருந்து நாக்கில் பட்டு உப்புக்கரித்து, தண்ணீருக்கு அலைந்தவன் அந்த வரியை மறக்கமாட்டான்.

ஹார்ட்டாக் என்கிற கல்லுபோன்ற ரொட்டியும் அப்படித்தான். மாவு, தண்ணீர், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். சிப்பாய்கள் அதைக் காப்பியில் ஊறப்போட்டு, மிதக்கிற வண்டுகளை வழித்தெறிந்துவிட்டுச் சாப்பிட்டார்களாம். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். கடித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் தையலை எண்ணுகிற கட்சி ஒன்று உண்டு. பொத்தான் தப்பு, நூல் தப்பு, மூக்குக்கண்ணாடி இந்தக் காலத்தது என்று ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 1989-ல் நடந்ததைக் கேளுங்கள். மேரிலாந்தில் ஆண்டீட்டம் போர்க்களப் பூங்காவில் ஒரு நிகழ்ச்சி. ஆண் வேடத்தில் சிறுகுழல் ஊதும் சிப்பாயாக வந்திருந்தார் லாரன் குக் பர்கஸ். பெண்கள் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது குட்டு உடைந்தது. சிப்பாய் வேடத்தில் பெண் இருப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது என்று பூங்கா அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார், 1993-ல் ஜெயித்தார்.

அதோடு விடவில்லை. ஆண் வேடமிட்டு அந்தப் போரில் சண்டை போட்ட பெண்களைத் தேடிக் கிளம்பினார். சாரா ரொசெட்டா வேக்மேன் என்ற விவசாயி மகள், லையன்ஸ் வேக்மேன் என்ற ஆண் பெயரில் நியூயார்க் 153-ம் படைப்பிரிவில் சேர்ந்து, 1864-ல் நியூ ஆர்லியன்ஸில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனார். கல்லறையில் இன்றைக்கும் ஆண் பெயர்தான். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் குக் 1994-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அப்படிப் போன பெண்கள் நூற்றுக்கணக்கில் என்று இப்போது சொல்கிறார்கள். பொத்தானுக்குச் சான்று கேட்டவர்கள், பெண் விஷயத்தில் ஏட்டைப் புரட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். வேடம் போட்ட ஒருத்தருக்குத்தான் தேட வேண்டும் என்று தோன்றியது. இந்தப் பொழுதுபோக்கின் பக்கம் நான் நிற்பதற்கு இது ஒன்று போதும்.

ஆனால் ஒரு நெருடலும் உண்டு. தென்னகப் படை, அதாவது பிரிந்துபோன அமெரிக்கத் தென் மாநிலங்களின் படை, அதன் சீருடை போட ஆள் குறைவதே இல்லை. தாத்தாவின் வீரம், பரம்பரை என்பார்கள். எந்த அடிமை முறைக்காக அந்தத் தாத்தா துப்பாக்கி தூக்கினாரோ, அது மட்டும் களத்தில் எங்கேயும் கண்ணில் படாது. தையலை எண்ணுகிற கண்ணுக்கு இவ்வளவு பெரிய ஓட்டை தெரியாமல் போவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அந்த ஓட்டையை நேராகத் தொட்டவர் ட்ரெட் ஸ்காட் என்ற கலைஞர். 1811-ல் லூசியானாவில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சியை 2019 நவம்பரில் நடத்திக் காட்டினார். நூற்றுக்கணக்கானவர்கள் அந்தக் கால உடையில், ரசாயன ஆலைகளைத் தாண்டி, இரண்டு நாளில் 26 மைல் நடந்தார்கள். உண்மையான கிளர்ச்சி நியூ ஆர்லியன்ஸை எட்டவில்லை. நசுக்கினார்கள், தலைகளை வெட்டிக் கம்பங்களில் நட்டார்கள். 2019-ல் நடந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பாட்டும் கூத்துமாக முடித்தார்கள். வரலாற்றை இப்படி மாற்றலாமா என்று தையல் கட்சி கேட்கும். கேட்கட்டும். தென்னகச் சீருடைக்காரர்களிடமும் அதே கறாரோடு கேட்டுவிட்டு வந்தால் பதில் சொல்கிறேன்.