கிளாரினெட்டில் ஷட்ஜத்தை (ஸ) எங்கே வைப்பது?

சென்னையில் இப்போது கிளாரினெட் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளில் பலர் மேற்கத்திய இசை கிரேடுப் பரீட்சைப் புத்தகத்தோடுதான் வருகிறார்கள். நல்லதுதான். நீண்ட ஒற்றை ஸ்வரம், உதட்டுப் பிடிப்பு, நாக்கு வெட்டு எல்லாம் இன்று படிப்படியாக வருகின்றன; பழைய வாத்தியார்கள் அநேகமாகக் கேள்வி ஞானத்தில்தான் விட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளை கர்நாடக சங்கீத வர்ணத்துக்கு வந்ததும் தடுமாறுகிறது. விரல் வேகம் போதவில்லை என்று அதட்டுவது அநியாயம். சிக்கல் குழலில் இருக்கிறது.

நாகஸ்வரம் கூம்புக் குழல். ஊதலை அழுத்தினால் அதே விரலில் மேல் ஸ்தாயி பேசும். கிளாரினெட் நேர் உருளை. ஒலியை மேல் பகுதிக்குத் தாவ வைக்கும் ரெஜிஸ்டர் சாவியைத் திறந்தால் மேல் ஷட்ஜம் வராது, அதற்கும் மேலுள்ள பஞ்சமம்தான் வரும். அதனால் நடுவில் ஒரு முறிவு. எழுத்து ஸ்வரம் (மேற்கத்திய நொட்டேஷனில் எழுதும் பெயர்) ஏ, பி ஃப்ளாட் வரை கிட்டத்தட்ட எல்லா விரலும் மேலே. அடுத்த பி-க்கு அத்தனை துளையும் மூட வேண்டும்.

பி ஃப்ளாட் கிளாரினெட்டில் ஒரு கட்டை (சி சுருதி, குழலில் எழுத்து டி) வைத்தால் அந்த முறிவு மத்ய பஞ்சமத்துக்கும் (ப) சதுச்ருதி தைவதத்துக்கும் (த) நடுவே விழும். சங்கராபரண தைவதத்தை அங்கே எப்படி அசைப்பது? நாலு கட்டை (எஃப் சுருதி, எழுத்து ஜி) வைத்தால் மத்ய ஸ்தாயி முழுக்க முறிவுக்குக் கீழே அடங்கும். தார காந்தாரத்தில்தான் தொல்லை. பதிலுக்கு, கீழே மந்த்ர தைவதத்தோடு குழல் முடிந்துவிடும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் சுருதிப் பெட்டியைத் திருப்புவது பெரிய தவறு என்பேன்.

ஒரு கட்டையில்தான் வாசிக்க வேண்டுமென்றால் வழி உண்டு. பஞ்சமத்தில் நிற்கும்போதே வலக்கை விரல்களைத் துளைகளில் மூடி வையுங்கள். பிறகு இடக்கை மட்டும் இறங்கினால் போதும். மூச்சு அங்கே தளரக் கூடாது. கீச்சென்று கத்தினால் முதலில் இடக்கை மோதிர விரலைப் பாருங்கள், துளை ஓரம் கசிந்திருக்கும். அசைவுக்கு மட்டும், ஏ சாவியைப் பிடித்தபடி வலப்பக்க மேல் சாவிகள் இரண்டையும் தட்டலாம்.

சின்ன மேளம் என்ற பழைய நாட்டியக் குழுவில் சதிர் ஆட்டத்துக்குக் கிளாரினெட் வாசித்தவர்கள் பாட்டைப் பின்தொடர்ந்தே வாசித்தார்கள். 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் தவிலோடு அமர்ந்து ராக ஆலாபனையை விரித்தார். ஸ்வரம் தொண்டையில் நின்ற பிறகுதான் அந்தத் தலைமுறையில் விரலுக்கு வந்தது. இன்றைய ஆன்லைன் வகுப்பில் விரல் அட்டவணை முதலில், பாட்டு எப்போதாவது. இதை மாற்றியே ஆக வேண்டும். சரளி வரிசையையாவது பாடிவிட்டுக் குழலைத் தொடட்டும்.

பேம் முறைக் குழலில் (துளையைச் சுற்றி வளையச் சாவி உள்ளது) துளையைப் பாதி திறந்தால் அந்த வளையமும் எழுந்து ஸ்வரம் துள்ளும். விரலைப் பக்கவாட்டில் உருட்டி மெல்ல விடப் பழக வேண்டும். மீதியை உதடு பார்த்துக்கொள்ளும். அதற்கு 2 அல்லது 2½ எண் ரீட் (ஊதும் நாணல் தகடு; எண் கூடினால் விறைப்பு கூடும்) போதும். 3½ போட்டால் உதட்டால் ஸ்வரத்தை வளைக்க வராது. நம் ஊர் வெயிலில் குழல் சுருதி ஏறிப் பேசும், பேரல் என்னும் மேல் துண்டை 1 அல்லது 2 மில்லிமீட்டர் இழுத்துக்கொள்ளுங்கள். ஏசி சபாவில் ரெஜிஸ்டர் துளையில் ஈரம் கோத்து ஸ்வரம் களகளக்கும்; உருப்படிகளுக்கு இடையே துணி போட்டு இழுக்க மறக்காதீர்கள்.