கல்லூரி கூடைப்பந்து வீரர்களுக்குச் சம்பளம்: உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

“அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து வீரர்கள் அனைவருக்கும் மாதச் சம்பளம் தர 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நினைத்த நாளில் கல்லூரி மாறலாம்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு. ‘என்சிஏஏ எதிர் ஆல்ஸ்டன்’ வழக்கில் 2021 ஜூன் 21 அன்று வந்த தீர்ப்பில் சம்பள உத்தரவே இல்லை. கணினி, அறிவியல் கருவி, இசைக்கருவி போன்ற கல்வி சார்ந்த உதவிகளுக்கு என்சிஏஏ வரம்பு விதிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். முழுத் தீர்ப்பும் அந்நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறது; யாரும் படிக்கலாம். வீரர்கள் விளம்பரங்கள் மூலம் சம்பாதிக்க என்சிஏஏ வழிவிட்டது அடுத்த மாதம், ஜூலை 1இல். கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருவது 2025 ஜூலையில்தான் தொடங்கியது. அதுவும் கட்டாயமில்லை, முதலாண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி டாலர்.

எத்தனை முறையும் கல்லூரி மாறலாம் என்பது 2024 முதல் உண்மைதான். ஆனால், குறித்த காலத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும், படிப்பிலும் தகுதி வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்யும் பெற்றோரை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.