நண்டு சாப்பிட மட்டும் தெம்பு இருக்கான்னு கேட்டவங்களுக்கு

வைரஸ் காய்ச்சல் வந்து இன்னும் முழுசா தேறாத நான், ஃப்ரெண்ட்ஸோட நண்டு சாப்பிடப் போன போட்டோவை நேத்து போட்டேன். அதுக்குக் கீழ வந்த கமெண்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "வேலைக்கு வர முடியாது, மழையில போய் நண்டு சாப்பிட மட்டும் முடியுமா"ன்னு. அதுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான், அதான் வலிக்குது.

உடம்பு முடியாதவங்க சிரிக்கக் கூடாதா? ஒரு போட்டோல சிரிச்சுட்டா நோய் பொய்யாயிடுமா?

வைரஸ் காய்ச்சல் விட்டாலும் இருமல் 3 வாரத்துல இருந்து 8 வாரம் வரைக்கும் இழுக்கறது சகஜம்தான். தொற்று அடங்கினப்புறமும் மூச்சுக்குழாய் சும்மா காத்து பட்டாலே கூசும். அதைவிடக் கொடுமை அசதி. ஒருநாள் நல்லா இருக்கும், அதை நம்பி நாலு வேலையை இழுத்துப் போட்டா மறுநாள் எந்திரிக்க முடியாது. நீங்க பார்த்தது அந்த நல்ல நேரத்தை மட்டும்தான். நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்கறதும், ஃப்ரெண்ட்ஸ் கார்ல கூட்டிட்டுப் போய் கார்லயே கொண்டுவந்து விடற ஒரு டின்னரும் ஒண்ணா?

மழையில ஏன் போனேன்னு ஒருத்தர். சளி வைரஸ்ல வருது, 200க்கும் மேல வைரஸ் இருக்கு, மழைத்தண்ணி அந்தக் கணக்குல கிடையாது. கடல் உணவு ஆகாதுன்னு இன்னொருத்தர். அலர்ஜி இருந்தா ஆகாது, பச்சையா சாப்பிட்டா ஆபத்து, எனக்கு அலர்ஜியும் இல்ல, சாப்பிட்டது நல்லா வெந்தது. அடுத்தவங்களுக்கு ஒட்டிக்காதான்னு கேட்டவங்க கேள்வி நியாயமானது, அதை டாக்டர்கிட்ட கேட்டுத் தெளிவாகிட்டு, ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனேன்.

அங்க என்ன நடந்துச்சு தெரியுமா? காய்ச்சல்ல போன வாசனை எனக்கு இன்னும் முழுசா திரும்பல. எறால் தட்டு வந்தப்போ பூண்டு வாசனை லேசா, ரொம்ப லேசா மூக்குல ஏறுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நண்டு ஓட்டை உடைக்கக் கையில பலம் இல்லன்னு நான் சொல்லவே இல்ல, பக்கத்துல இருந்தவ பேசிக்கிட்டே உடைச்சு, சதையை எடுத்து என் தட்டுல வச்சுட்டே இருந்தா. பாதிக்கு மேல இறங்கல. ஆனா வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்.

மனுஷங்க கூட இருக்கறதும் மருந்துதான். 2010ல 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, நெருங்கின உறவுகள் இருக்கறவங்க உயிரோட இருக்கற வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. அதைக் காட்டித்தான் நான் சாப்பிடப் போகணுமா? பசிச்சுது, ஆசையா இருந்துச்சு, கூப்பிட்டாங்க, போனேன், அவ்வளவுதான்.

முழுசா குணமாகிட்டுப் போகலாமேன்னு சொல்றவங்க, எப்போ குணமாகும்னு எனக்குத் தேதி சொல்லுங்க. அதுவரைக்கும் சுவத்தைப் பார்த்துட்டுப் படுத்திருக்கணுமா?

நான் படுத்துக் கிடந்தப்போ உங்கள்ல ஒருத்தர் கூட எப்படி இருக்கேன்னு கேக்கல. போன் கூட வேணாம், ஒரு மெசேஜ் போதும். அப்போ வராதவங்க, நான் சிரிச்ச அன்னைக்கு மட்டும் என் உடம்பைப் பத்திக் கேள்வி கேக்க வராதீங்க.