கொலைகாரனைக் காட்டாவிட்டால் அது படமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை நம் குழு 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற தென்கொரியப் படத்தைத் திரையிட்டபோது என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். யார் என்று சொல்ல விரும்பவில்லை. "கொலைகாரன் யாருன்னே காட்டல, இதுக்கு ரெண்டு மணி நேரமா?" என்று அவர் எழுந்து கேட்டதும் பாதிப் பேர் கைதட்டினீர்கள். கேள்வியைவிடக் கைதட்டல்தான் வலித்தது.

அந்தப் படம் 2003இல் வந்தபோது கொலைகாரன் யாரென்று கொரியாவில் யாருக்குமே தெரியாது. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் 10 பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு அது. துப்பு துலங்காத வழக்குக்கு இயக்குநர் போங் ஜூன்-ஹோ முடிவை எங்கிருந்து கொண்டுவருவார்? ஒரு வில்லனை ஜோடித்துக் கடைசியில் சுட்டுத் தள்ளியிருந்தால் செத்துப்போன பெண்களுக்கு அது துரோகம். யார் கொன்றது என்பது அந்தப் படத்தின் கேள்வியே இல்லை. ஏன் பிடிக்க முடியவில்லை என்பதுதான் கேள்வி.

பதில் படம் முழுக்கக் கிடக்கிறது. உருப்படியாகக் கிடைத்த ஒரு காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகிறது. மழை இரவில் கூடுதல் படை கேட்டால், எல்லோரும் போராட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள். ராணுவத் தளபதி அதிபராக இருந்த காலம் அல்லவா! ஒரு போலீஸ்காரர் சந்தேகப்பட்டவனை உதைப்பதற்கு முன்னால், நிதானமாகக் குனிந்து பூட்ஸ்மேல் துணி உறையை மாட்டிக்கொள்கிறார். அதைப் பார்த்த பிறகும் படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

"தமிழில் படமே இல்லையா, கொரியாவுக்குத்தான் போகணுமா?" என்பீர்கள். இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன். மெதுவாகப் போகிறது என்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. "பார்க்கிறவனுக்கு ஒரு திருப்தி வேண்டாமா?" என்கிறீர்களே, அந்தத் திருப்திதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. பெயின்ட் அடிக்க வந்த பையனைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தபோது அவனால் காலை ஊன்ற முடியவில்லை. "ஒத்துக்கிட்டானாமே" என்று தெருவே பேசியது. அவனுடைய அம்மா வாசல் வாசலாக நின்று அழுதார், ஒருவரும் வெளியே வரவில்லை. நகையை எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் தெருவுக்கு அன்றைக்கே திருப்தி.

ஹ்வாசோங்கில் நிஜமான கொலைகாரன் 2019இல்தான் டிஎன்ஏ மூலம் தெரியவந்தான். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் உள்ளேதான் இருந்தான். அதற்குள் எட்டாவது கொலைக்காக ஒரு அப்பாவி 20 வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருந்தார். அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அவர் சொன்னார். நிரபராதி என்று தீர்ப்பு வந்தது 2020இல்.

அடுத்த மாதம் 'கிளைமாக்ஸ் உள்ள படமாகப் போடலாம்' என்று குழுவில் பேச்சு ஓடுகிறதாம். நான் சம்மதிக்க மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.